கடைசித் தண்ணீரில் மீன்பிடிப்பு

இம்மலர் உங்கள் கைக்கு வந்து சேரும்போது பங்குனி பிறந்திருக்கும். ஆண்டுத் தேர்வு முடிந்ததும் புத்தகங்களைக் கட்டி வைத்துவிட்டு, கோரிப்பாளையத்தில் பேருந்து ஏறி மேலூர், அழகர்கோவில், அலங்காநல்லூர், நத்தம் என்று அவரவர் சொந்த ஊருக்குப் புறப்பட்டு விடுவோம். அங்கே நமக்காகக் காத்திருப்பவை பாட்டி வீடு, மாந்தோப்பு, கோயில் திருவிழா, அவற்றோடு வற்றிக்கொண்டிருக்கும் கண்மாய். மாமாவும் அண்ணனும் தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினால், நாமும் பின்னால் ஓடுவோம் அன்றோ?

மழைக்காலத்தில் நிறைந்து ததும்பும் கண்மாயைக் கண்டு எல்லாரும் அஞ்சுவர். முழங்கால் அளவுக்கு வற்றிய கண்மாயைக் கண்டு ஒருவரும் அஞ்சுவதில்லை. கோடை விடுமுறையில் கண்மாயிலும் குளத்திலும் பிள்ளைகள் உயிரிழந்த செய்தியை ஒவ்வோர் ஆண்டும் நாளிதழில் படிக்கிறோம். ஆகவே கண்மாய் எவ்வாறு வற்றுகிறது, அதில் எந்த மீன் எஞ்சுகிறது, தூண்டிலை எப்படிப் பூட்டுவது, உடலும் உடையும் நனையாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பவற்றை இக்கட்டுரையில் முறையாகக் காண்போம்.

கண்மாய் வற்றும் விதம்

மதுரைச் சீமையின் கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் மழை வரத்துக் கால்வாய் வழியாக வந்து நிரம்பும். 1895-ஆம் ஆண்டு பெரியாறு அணையின் நீர் வைகைக்குத் திருப்பி விடப்பட்டது. அதன் பின்னர் மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்கள் பலவற்றுக்குப் பெரியாற்றுக் கால்வாயின் நீரும் கிடைக்கலாயிற்று. நிரம்பிய நீர் மடை வழியாக வயலுக்குப் பாயும். மிஞ்சியது கலுங்கு வழியாக வெளியேறும். அறுவடை முடிந்து மாசி, பங்குனி வரும்போது கண்மாயில் எஞ்சியிருப்பதே கடைசித் தண்ணீர்.

கண்மாயின் தரை தட்டைப் போலச் சமமானது அன்று. நீர் வந்து சேரும் உள்வாய்ப் பக்கம் மேடாகவும், கரைப் பக்கம் தாழ்வாகவும் இருக்கும். மடைக்கு முன்னால் உள்ள குழிதான் பெரும்பாலும் மிக ஆழமானது. கரையை உயர்த்துவதற்கு உட்புறத்திலிருந்து மண் வெட்டிய பள்ளங்களும் உண்டு. வண்டல் மண்ணும் சவுடு மண்ணும் அள்ளிய இடங்களில் செங்குத்தான குழிகள் இருக்கும். நீர் வற்றும்போது உள்வாய் முதலில் காயும். மடைக்குழியிலும் மண் எடுத்த குழிகளிலும் நீர் கடைசி வரை நிற்கும். மீன்களெல்லாம் அந்தக் குழிகளில்தான் ஒதுங்கும். மீன் நிறைந்த இடமும் ஆழம் மிகுந்த இடமும் ஒன்றே என்பதை முதற்பாடமாகக் கொள்ளுங்கள். முழங்கால் அளவு நீரில் நடந்துகொண்டே போகிறவர், அடுத்த அடியில் தலைக்கு மேல் ஆழமுள்ள குழியில் இறங்கிவிடக் கூடும். கலங்கிய நீரில் குழி கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது ஆபத்து, காய்ந்தது போல் தோன்றும் தரை. கண்மாயில் படியும் கரம்பை மண் மிக நுண்ணியது; நீரை இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெயில் பட்டதும் மேற்பரப்பு காய்ந்து சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். காய்ந்த அந்த மேல்தோல் ஒரு மூடியைப் போல அமைந்து, அடியிலுள்ள ஈரம் வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். மேலே ஓடு போல் கட்டி, அடியிலே களி போல் சேறு. ஆடு நடந்தால் தாங்கும். ஆள் நடந்தால் இடுப்பு வரை இறங்கிவிடும் இடங்கள் உண்டு. வெடிப்பு விழுந்த தரையெல்லாம் காய்ந்த தரை என்று எண்ணலாகாது. நீர்விளிம்பை நெருங்க நெருங்க ஓடு மெலிந்து கொண்டே போகும்.

உறைந்த ஏரியில் ஒரு பாடம்

இதே நிலைமை உலகின் மறுகோடியில் பனிக்கட்டியின் மீது உண்டாகிறது என்றால் வியப்பாக இருக்கிறது அல்லவா? கனடாவில் டொரன்டோ நகரைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாக வாழ்கின்றன. அந்நகருக்கு வடக்கே சிம்கோ என்னும் பெரிய ஏரி இருக்கிறது. குளிர்காலத்தில் அது உறைந்ததும், மக்கள் பனிக்கட்டியின் மேல் நடந்து சென்று, துளையிட்டு, துளைக்குள் தூண்டிலை இறக்கி மீன் பிடிப்பார்கள்.

ஏரி அடிவரை உறைவதில்லை. ஏன்? நீர் 4 டிகிரி செண்டிகிரேடில்தான் மிகுந்த அடர்த்தி பெறுகிறது. அதற்கும் கீழே குளிர்ந்தால் சற்று விரிந்து இலேசாகி மேலே வருகிறது. உறைந்து பனிக்கட்டியானால் மேலும் விரிந்து மிதக்கிறது. ஆகவே மேலே பனிக்கட்டி மூடியிருக்க, அடியில் 4 டிகிரி நீரில் மீன்கள் உயிர் வாழ்கின்றன. இறைவன் படைப்பின் இந்த ஒழுங்கை நம் விஞ்ஞான வகுப்பில் படித்திருக்கிறோம்.

புதிதாக உறைந்த தெளிவான பனிக்கட்டியில் ஓர் ஆள் நடப்பதற்கே குறைந்தது 4 அங்குலம், அதாவது சுமார் 10 செண்டிமீட்டர் கனம் வேண்டும் என்று அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில இயற்கைவள இலாகா மக்களுக்கு அறிவுறுத்துகிறது. பருவம் முடியும் காலத்திலோ கனத்தை மட்டும் நம்ப முடியாது. வெயில் ஏற ஏறப் பனிக்கட்டி உள்ளுக்குள் துளைபட்டு வலுவிழக்கும். கரையோரம்தான் முதலில் உருகும். எனவே அனுபவமுள்ள மீன்பிடிப்போர் ஓர் இரும்புக் கம்பியால் ஒவ்வோர் அடிக்கும் முன்னால் தட்டிப் பார்த்தே நடப்பார்கள். கூரிய ஆணி பதித்த இரண்டு கைப்பிடிகளைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். தவறி விழுந்தால் அவற்றைப் பனிக்கட்டியில் குத்திப் பற்றி மேலே ஏறலாம். கால் நனைந்தால் அங்கே பெருந்துன்பம். காற்றைவிட நீர் ஏறக்குறைய 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். ஈரக்கால் விரைவில் விறைத்துப் போகும்.

அங்கே உருகும் பனிக்கட்டி. இங்கே உலரும் கரம்பை. இரண்டும் மேலே உறுதி காட்டி அடியில் இளகி நிற்கின்றன. அவர்கள் இரும்புக் கம்பியால் தட்டுவதைப் போல நாமும் கையில் ஒரு கம்பு வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் முன்னால் ஊன்றிப் பார்க்க வேண்டும். ஊன்றிய கம்பு நான்கு விரல் அளவுக்கு மேல் இறங்கினால் அதற்கு அப்பால் காலை வைக்கக் கூடாது.

கடைசித் தண்ணீரில் எந்த மீன்?

மீனுக்கும் பிராணவாயு வேண்டும். நீரில் கரைந்துள்ள பிராணவாயுவையே அது செவுள்களால் எடுத்துக்கொள்கிறது. நீர் சூடேறினால் அதில் கரையும் பிராணவாயு குறையும். உறைநிலைக்கு அருகிலுள்ள ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 14 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கக் கூடும். 30 டிகிரி நீரிலோ சுமார் 7½ மில்லிகிராம்தான் கரையும். கோடையில் சூடேறிய சிறு குட்டையில் நூற்றுக்கணக்கான மீன்கள் நெருங்கிக் கிடந்தால், அந்த அளவும் விரைவில் தீர்ந்துவிடும். உறைந்த ஏரியிலும் கடைசிக் காலத்தில் இதே இடர் வருவதுண்டு. பனிக்கட்டியின் மேல் வெண்பனி மூடி வெளிச்சத்தை மறைப்பதால், நீர்த்தாவரங்கள் பிராணவாயு உண்டாக்குவது குறைகிறது.

கட்லா, ரோகு, கெண்டை ஆகியவை இந்நெருக்கடியில் முதலில் தவிக்கும். விடியற்காலையில் அவை நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் காணலாம். இரவெல்லாம் பாசியும் செடியும் பிராணவாயுவை உண்டாக்காமல் செலவு மட்டும் செய்வதால், விடியும் வேளையில்தான் பற்றாக்குறை மிகுதி. விரால், குறவை, தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவற்றின் கதை வேறு. இவற்றுக்குச் செவுளோடு கூட, காற்றை நேரே உட்கொள்ளும் உறுப்பும் உண்டு. அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கிக்கொண்டு சேற்றோடு ஒட்டிக் கிடக்கும். ஆதலால் கண்மாய் வற்றி முடியும் வரை எஞ்சியிருப்பவை இவையே. ஜிலேபியும் பிராணவாயுக் குறைவை ஓரளவு தாங்கும்.

இதிலிருந்து தூண்டில் போடத் தக்க நேரமும் தெரிகிறது. விடியும் வேளையில் மூச்சுக்குத் திணறும் மீன் இரையை நாடாது. நண்பகல் வெயிலில் நிழலில் பதுங்கும். வெயில் ஏறத் தொடங்கும் காலையும், வெயில் தாழ்ந்த மாலையும் நல்ல வேளைகள்.

தூண்டில் பூட்டும் முறை

கம்பு: முற்றி உலர்ந்த மூங்கில், 8 முதல் 10 அடி நீளம். அடி கனமாகவும் நுனி மெலிந்து வளைவதாகவும் இருக்க வேண்டும். தங்கூஸ் நரம்பைக் கம்பின் நடுவில் ஒரு கட்டுக் கட்டி, கம்போடு சுற்றிக்கொண்டே சென்று, நுனியில் மறு கட்டுக் கட்ட வேண்டும். பெரிய மீன் இழுத்து நுனி ஒடிந்தாலும் நரம்பு கையை விட்டுப் போகாது.

நரம்பின் நீளம்: நுனியிலிருந்து தொங்கும் நரம்பு கம்பின் நீளத்தைவிட ஒரு சாண் குறைவாக இருக்கட்டும். அப்போது மீனைத் தூக்கியதும் முள் ஊஞ்சல் போல ஆடித் தானே நம் கைக்கு வரும். நரம்பு நீளமாக இருந்தால் மீனைப் பிடிக்க நாம் நீரை நோக்கி நகர வேண்டியிருக்கும். காலை நனைக்காமல் இருப்பதற்கு முதல் உபாயம் நரம்பை அளவாக வெட்டுவதே.

முள்: சிறு மீனுக்குச் சிறு முள். சூட்டில் சோர்ந்த மீன் பெரிய முள்ளை வாயில் வாங்காது. காதுள்ள முள்ளானால், நரம்பைக் காதில் நுழைத்து, அதே நரம்பின் மேல் ஐந்து சுற்றுச் சுற்றி, காதுக்கு அருகே உண்டாகும் சிறு வளையத்தில் நுனியைச் செருகி, வாய் எச்சிலாலோ நீராலோ ஈரமாக்கி மெல்ல இழுத்து இறுக்குங்கள். ஈரமாக்காமல் இழுத்தால் உராய்வின் சூட்டில் நரம்பு வலுவிழக்கும். விராலுக்குக் கூரிய பற்கள் உண்டு. அதற்கு மெல்லிய நரம்பு போதாது, கனத்த நரம்பு வேண்டும்.

தக்கை: நெட்டித் துண்டோ மயிலிறகுத் தண்டோ போதும். தக்கைக்குக் கீழே ஈயத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, தக்கையின் நுனி ஒரு விரல் அளவே வெளியே தெரியுமாறு செய்ய வேண்டும். பருவ முடிவில் மீன் இரையை வெடுக்கென்று இழுக்காது, மெதுவாக முகர்ந்து சுவைக்கும். பருத்த தக்கை அந்தச் சிறு அசைவைக் காட்டாது. பனிக்கட்டி மீன்பிடிப்பிலும் பருவ முடிவில் நுண்ணிய தக்கையும் மெல்லிய நரம்பும்தான் பயன்படுகின்றன.

ஆழம் அளத்தல்: முள்ளில் சற்றுப் பெரிய ஈயக்குண்டு ஒன்றை மாட்டி நீரில் விடுங்கள். தக்கை மூழ்கினால் ஆழம் நாம் வைத்ததைவிட அதிகம்; தக்கையை மேலே தள்ளுங்கள். தக்கை படுத்துக்கொண்டால் ஆழம் குறைவு, கீழே இறக்குங்கள். சரியான அளவு தெரிந்ததும் தக்கையை மேலும் நான்கு விரல் அளவு கீழே இறக்கி வையுங்கள். இரை சேற்றில் புதையாமல் அதற்குச் சற்று மேலே தொங்கும். இந்த அளவீட்டால் வேறொரு நன்மையும் உண்டு. நாம் அமர்ந்திருக்கும் இடத்துக்கு முன்னால் நீர் எத்தனை ஆழம் என்பதும் தெரிந்துவிடும்.

கைத்தூண்டில்: நீர் பின்வாங்கிக் கரைக்கும் நீருக்கும் இடையே சேற்றுப்பட்டை உண்டாகியிருந்தால் கம்பு எட்டாது. அப்போது சேற்றில் இறங்குவதற்குப் பதிலாக, டப்பாவில் சுற்றிய கைத்தூண்டிலைக் கரையிலிருந்தே வீசலாம். நரம்பின் கடைசியில் தட்டையான ஈயத்தைக் கட்டி, அதற்கு ஒரு சாண் மேலே கிளை நரம்பில் முள்ளைக் கட்டுங்கள். ஈயம் சேற்றில் புதைந்தாலும் முள்ளும் இரையும் மேலே நிற்கும். வீசும்போது பின்னால் எவரும் இல்லையென்று பார்த்த பிறகே வீச வேண்டும்.

இரை: மண்புழு எல்லா மீனுக்கும் ஏற்றது. கெண்டைக்குக் கோதுமை மாவோடு கடலைப் புண்ணாக்குப் பிசைந்த உருண்டை. முள்ளின் கூர் மட்டும் சற்றே தெரியுமாறு கோக்க வேண்டும். நடக்கும்போது முள்ளை ஒரு தக்கைத் துண்டில் குத்தி வைப்பது நன்று. விரலில் ஏறிய முள்ளை இழுத்துப் பிடுங்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஊத்தாவும் மீன்பிடித் திருவிழாவும்

தூண்டில் தனி ஆளுக்கு உரியது. ஊர் கூடி மீன் பிடிப்பதற்கு நம் பக்கத்தில் ஊத்தா உண்டு. மூங்கில் சிம்புகளால் கூம்பு வடிவில் பின்னிய கூடை அது. இரு பக்கமும் திறந்திருக்கும். அடிவாய் அகலம், மேல்வாய் ஒரு கை நுழையும் அளவு. முழங்கால் நீரில் நடந்துகொண்டே ஊத்தாவைத் தரையில் அழுத்திக் குத்துவார்கள். மீன் அகப்பட்டால் சிம்பில் மோதும் அதிர்வு கையில் தெரியும். உடனே மேல்வாய் வழியே கையை விட்டுப் பிடித்துக்கொள்வார்கள்.

மேலூர், சிங்கம்புணரி, நத்தம் வட்டாரங்களில் பங்குனி முதல் வைகாசி வரை ஊர்தோறும் மீன்பிடித் திருவிழா நடைபெறும். கிராமத்துப் பெரியவர்கள் கண்மாய்க் கரையில் கூடி வழிபாடு செய்து, வெள்ளைத் துண்டை வீசுவார்கள். அந்தக் கணம் வரை கரையில் காத்து நின்ற ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் ஊத்தா, கச்சா, வலை, கூடை ஆகியவற்றோடு ஒரே நேரத்தில் இறங்குவார்கள். பக்கத்து ஊராரும் வரலாம். பிடித்த மீனை விற்காமல் வீட்டில் குழம்பு வைத்து உண்பதும், இவ்விழாவை நடத்தினால் அடுத்த ஆண்டு நல்ல மழை பெய்து கண்மாய் நிறையும் என்பதும் ஊரார் வழக்கமும் நம்பிக்கையும் ஆகும். அதுவரை யாரும் தனியே பிடிக்காமல் காத்திருப்பதில் ஒரு நீதி இருக்கிறது. வலை உள்ளவனுக்கும் வெறுங்கூடை உள்ளவளுக்கும் ஒரே நேரத்தில் வழி திறக்கிறது.

மற்ற நாள்களில் பல கண்மாய்களின் மீன் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். ஊராரையோ குத்தகைதாரரையோ கேட்காமல் தூண்டில் போடுவது முறையன்று. மதுரைக்குள்ளேயே செல்லூர், வண்டியூர்க் கண்மாய்கள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். நகரக் கழிவுநீர் கலக்கும் எந்த நீர்நிலையிலும் உண்பதற்காக மீன் பிடிப்பது உடல்நலத்துக்கு ஏற்றதன்று.

நனையாதிருத்தல்

ஊத்தாவோடு இறங்குகிறவர் நனையாமல் இருக்க முடியாது. தூண்டில் போடுகிறவர் நனைய வேண்டிய தேவையே இல்லை. நீச்சல் தெரியாத நாம் கரையில் அமர்ந்து தூண்டில் போடுவதோடு நிறுத்திக்கொள்வதே தகும். கரையின் உட்சரிவில் கல் பதித்த இடத்தில், மடைக்குழிக்குப் பத்துப் பதினைந்து அடி தள்ளி உட்கார வேண்டும். நின்றுகொண்டு மீனை இழுத்தால் நிலை தடுமாறும், உட்கார்ந்தால் தடுமாறாது. பாசி படிந்த கல்லில் கால் வைக்கலாகாது. பெரியவர் ஒருவர் உடன் இல்லாமல் போகவே கூடாது.

உடை: நீண்ட பாவாடையும் தாவணியும் நீர் பட்டால் கனத்துக் காலைச் சுற்றிக்கொள்ளும். சுடிதார் அணிந்தால் துப்பட்டாவை வீட்டில் வைத்துவிட்டு, கால்சட்டையின் அடியை மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள். மாற்றுடை ஒன்றும் ஒரு துண்டும் எடுத்துச் செல்ல வேண்டும். இரண்டு பாலித்தீன் பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, துணியை வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை மூன்று மடிப்பு மடித்துக் கட்டினால் மழை பெய்தாலும் உள்ளே ஈரம் புகாது. பைகளைத் திரும்ப வீட்டுக்கே கொண்டு வாருங்கள்.

கால்: நம் கண்மாய்களில் சீமைக் கருவேல மரங்கள் ஏராளம். அதன் முள் சேற்றுக்குள் கிடந்து உள்ளங்காலில் ஆழமாக ஏறும். கண்ணாடித் துண்டும் கிடக்கும். ரப்பர்ச் செருப்பைச் சேறு பிடுங்கிக்கொள்ளும். கயிறு கட்டும் கான்வாஸ் காலணி நல்லது. முழங்கால் உயரப் பூட்ஸ் கரைக்கு ஏற்றதே ஆயினும், அதோடு சேற்றில் இறங்கினால் நீர் நிறைந்து கால் வெளியே வராது.

இந்நாட்டு வெயிலில் ஈரக்கால் விறைக்காது. ஆயினும் ஈரம் வேறு வழியில் கெடுக்கும். எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் கீறல் பட்ட தோல் வழியே எலிக்காய்ச்சலை உண்டாக்கக் கூடும். முள் குத்திய காயத்தில் தனுர்வாயு நோய் வரக் கூடும். ஆகவே காயம் உள்ளவர் நீரைத் தொடக் கூடாது. வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்குகளை உலரத் துடைக்க வேண்டும். சில நாள்களில் காய்ச்சலும் தசைவலியும் கண்டால், கண்மாய்க்குச் சென்றதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். தேளி மீனின் பக்கத் துடுப்பு முள் குத்தினால் தேள் கொட்டியது போலக் கடுக்கும். கழுவியபின், தாங்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்தால் கடுப்புத் தணியும். பின்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கோடை மழையும் இடியும்: சித்திரை மாலைகளில் திடீரென்று இருண்டு இடியோடு மழை வரும். வெட்டவெளிக் கரையில் நீண்ட கம்போடு நிற்பவர் மின்னலுக்கு எளிய இலக்காவர். முதல் இடி காதில் விழுந்ததும் கம்பைக் கீழே போட்டுவிட்டு, உறுதியான கட்டடத்துக்குள் சென்றுவிட வேண்டும். தனித்து நிற்கும் பனைமரத்தடியும் புளியமரத்தடியும் ஒதுங்கத் தகாத இடங்கள்.

சேற்றில் சிக்கினால், நீரில் விழுந்தால்

இங்கே பௌதிகப் பாடம் உதவும். அழுத்தம் என்பது எடையைப் பரப்பளவால் வகுத்தது. 40 கிலோ எடையுள்ள ஒரு மாணவி ஒற்றைக் காலில் நின்றால், சுமார் 150 சதுர செண்டிமீட்டர் பரப்பில் அவ்வளவு எடையும் இறங்குகிறது. அவளே 100 செண்டிமீட்டர் நீளமும் 30 செண்டிமீட்டர் அகலமும் உள்ள பலகையில் நின்றால் பரப்பு 3000 சதுர செண்டிமீட்டர். அழுத்தம் இருபதில் ஒரு பங்காகிறது. பனிக்கட்டி உடைந்து விழுந்தவர் மேலே ஏறியதும் எழுந்து நிற்காமல் படுத்தபடியே உருண்டு செல்வது இதனால்தான்.

சேற்றில் கால் புதைந்தால் பதறி இழுக்காதீர்கள். ஒரு காலை இழுக்கும்போது மறு கால் மேலும் இறங்கும். கையிலுள்ள கம்பைக் குறுக்கே படுக்க வைத்து அதன் மேல் சாய்ந்து, உடலைப் பரப்பி, ஒவ்வொரு காலாக அசைத்து அசைத்து மெதுவாக வெளியே எடுக்க வேண்டும். பின்பு வந்த வழியே தவழ்ந்து திரும்ப வேண்டும்.

தோழி ஒருத்தி நீரில் விழுந்தால் என்ன செய்வோம்? பாசத்தால் நாமும் குதித்துவிடத் துடிப்போம். அவ்வாறு ஒருவரைக் காக்க இறங்கி இன்னும் இருவர் மாண்ட செய்திகள் எத்தனையோ! முதலில் உரக்கக் கூவிப் பெரியவர்களை அழையுங்கள். கம்பு எட்டுமானால் கரையில் படுத்துக்கொண்டு நீட்டுங்கள். எட்டாவிட்டால் மிதக்கும் பொருளை எறியுங்கள். இதற்கென்றே மூடி இறுக்கிய வெற்று 5 லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்றை 20 அடிக் கயிற்றில் கட்டி, தூண்டிலோடு எடுத்துச் செல்ல வேண்டும். கயிற்றின் மறுமுனை கரையில் ஒரு மரத்தில் கட்டப்பட்டிருக்கட்டும். முள்ளும் தக்கையும் மறந்து போனால் மீன் கிடைக்காது, அவ்வளவுதான். இந்தக் கேன் மறந்து போகக் கூடாது. 108 என்ற எண்ணுக்கு உடனே தொலைபேசி செய்யவும் ஒருவர் ஓட வேண்டும்.

செய்து பாருங்கள்

ஒரு சிறு வாளியில் கரம்பை மண்ணைக் குழைத்து ஊற்றி, மூன்று நாள் வெயிலில் வையுங்கள். மேலே வெடிப்பு விழுந்ததும் ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைத்து அழுத்துங்கள், உள்ளே இறங்கிவிடும். பிறகு அதே இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அட்டைத் துண்டை வைத்து, அதன் மேல் பென்சிலை அழுத்திப் பாருங்கள். கண்மாயில் அறிய வேண்டியதை வாளியிலேயே அறிந்துகொள்வது நல்லதல்லவா? தம்பி தங்கையரையும் பக்கத்தில் அழைத்துக் காட்டுங்கள்.

மீன்பிடிப்பில் ஆசை அளவோடு இருக்கட்டும். விரல் நீள மீன்களை நீரில் விட்டுவிடுங்கள். கடைசிக் குட்டையைக் கலக்கி வடித்து ஒன்று விடாமல் அள்ளிவிட்டால், அடுத்த ஐப்பசியில் நிறையும் நீரில் பெருகுவதற்கு மீன் ஏது?

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். “கண்மாய்ப் பக்கம் போகாதே” என்று மட்டும் சொன்னால் பிள்ளைகள் சொல்லாமல் போவார்கள். மடைக்குழி எங்கே, மண் எடுத்த பள்ளம் எங்கே என்பது ஊரில் வாழும் தாத்தாவுக்கும் மாமாவுக்கும் தெரியும். விடுமுறையின் முதல் நாளிலேயே கரை மீது நடத்திச் சென்று அவ்விடங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லுங்கள். வாய்ப்பு இருப்போர் பெண் பிள்ளைகளுக்கும் நீச்சல் கற்றுக் கொடுங்கள்.

தோழியரே, விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில், யார் எத்தனை மீன் பிடித்தோம் என்று கதை பேசிக்கொள்வோம். அந்தப் பேச்சில் நம் வகுப்பில் ஓர் இடம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. அனைவருக்கும் இனிய கோடை விடுமுறை அமைவதாக!